பயனர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இவ்வாண்டு செயற்குழு 6 முறை கூடியது. புதியவர்களுக்கு நிறுவல் பயிற்சி 2 முறை நடந்தது. பயனர் கையேட்டுத் திருத்தம் முடிந்தது.

ஆண்டின் மீதிப் பொழுதையெல்லாம் எடுத்துக்கொண்டது நம் மென்பொருளுக்கு வந்த கட்டணப் பதிப்புதான். அறிவிப்பு வந்த அன்று பலரும் “இனி இலவசம் இல்லையாமே” என்று கேட்டீர்கள். கட்டற்ற மென்பொருளை, அதாவது யாரும் பயன்படுத்தி, மாற்றி, பகிரக்கூடிய மென்பொருளை, காசுக்கு விற்கலாம். அத்தகைய மென்பொருளுக்குப் பரவலாகப் பயன்படும் ஜிபிஎல் உரிமமே அதை அனுமதிக்கிறது. எழுதுகிறவர்களுக்குச் சம்பளம் வேண்டும் என்பதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. நாம் கவனிக்க வேண்டியது, இலவசமாகக் கிடைக்கும் சமூகப் பதிப்பிலிருந்து எது வெளியே போகிறது, பதிப்புரிமை யார் கையில் இருக்கிறது என்பதைத்தான்.

புதிதாக எழுதும் வசதியைக் கட்டணப் பதிப்பில் வைப்பது அவர்கள் உரிமை. ஒற்றை உள்நுழைவு, தணிக்கைப் பதிவு, பல சர்வர்களைக் கோக்கும் கிளஸ்டர் ஆகியவை வழக்கமாக அங்கே போகும். பெரிய நிறுவனங்கள் இவை இல்லாமல் நடத்த முடியாது, அதனால் பணம் வரும். ஆனால் ஏற்கெனவே இருந்ததைப் பிடுங்கி அங்கே வைப்பதும், பழைய பதிப்புகளுக்கான பாதுகாப்புத் திருத்தங்களைச் சந்தாதாரருக்கு மட்டும் தருவதும் வேறு விஷயம். இந்த இரண்டையும் எதிர்த்துச் சங்கத்தின் பெயரால் கடிதம் அனுப்பினேன். முதலாவதற்குப் பதில் வந்தது, இரண்டாவதற்கு வரவில்லை.

பதிப்புரிமை பற்றி மீண்டும் சொல்கிறேன். நாம் எழுதித் தரும் நிரல் மாற்றத்தின் (கமிட்) அடியில் ‘சைன்டு-ஆஃப்-பை’ (இதை அனுப்ப எனக்கு உரிமை உண்டு என்னும் ஒப்பம்) வரி மட்டும் சேர்த்து அனுப்பினால், எழுதிய வரிகளின் உரிமை எழுதியவரிடமே இருக்கும். ஜிபிஎல் திட்டத்தில் உரிமத்தை மாற்ற நினைப்பவர் அப்படிப்பட்ட ஒவ்வொருவரின் சம்மதத்தையும் பெற வேண்டும், இல்லையென்றால் அவர் எழுதிய பகுதியை நீக்கிவிட்டு மறுபடி எழுத வேண்டும். பங்களிப்பாளர் ஒப்பந்தத்தில் ‘வேறு உரிமத்தின் கீழும் வெளியிடலாம்’ என்ற ஷரத்துக்குக் கையெழுத்துப் போட்டால் அந்தத் தடை போய்விடும். பிஎஸ்டி போன்ற தளர்வான உரிமத்தில் தொடக்கத்திலிருந்தே அது கிடையாது. பிஎஸ்டி உரிமத்தில் இருந்த ரெடிஸ் என்ற தரவுத்தள மென்பொருள் 2024 மார்ச்சில் உரிமம் மாறியது. அதே மாதம் அதன் 7.2.4 பதிப்பின் நிரலை எடுத்து வேறு சிலர் வால்கீ என்ற பெயரில் தனியாகத் தொடர்ந்தார்கள்; இதைத்தான் கிளைத்தல் என்கிறோம். 2025-இல் ரெடிஸ் 8, ஜிபிஎல் வகையைச் சேர்ந்த கட்டற்ற உரிமமான ஏஜிபிஎல்லையும் சேர்த்துக்கொண்டது. எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருள் 2021-இல் கட்டற்ற உரிமத்திலிருந்து விலகிப் போய் 2024-இல் அதே ஏஜிபிஎல்லைச் சேர்த்தது. கிளைக்க ஆள் இருந்தால் பேச்சுக்கு வலு உண்டு என்பதற்கு இவற்றைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

நமக்கும் இப்படிப்பட்ட புதிய பங்களிப்பாளர் ஒப்பந்தம் வந்தது. ஷரத்து வாரியாகக் குறிப்பு எழுதி அனுப்பி, சிறப்புப் பொதுக்குழுவையும் கூட்டினேன். கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை (நிறைவெண்) சேரவில்லை. அந்த வாரத்திலேயே நம் உறுப்பினர் பலர் படிக்காமல் ‘ஏற்கிறேன்’ பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள். இதை வருத்தத்துடன் பதிவு செய்கிறேன்.

அடுத்து, மென்பொருளின் நகலை நாமே வைத்துக்கொள்ளச் செய்து, செயற்குழுவில் கேள்விக்குள்ளான சேமிப்பகச் செலவு. முன் அனுமதி பெறவில்லை என்பது உண்மை. பழைய பதிப்புகளின் கொள்கலன் படிமங்கள் (மென்பொருளை அப்படியே ஓட்டத் தயாராகக் கட்டிய தொகுப்புகள்) பொதுத் தரவிறக்கத்திலிருந்து நீக்கப்பட்டுக்கொண்டிருந்தன. அடுத்த கூட்டம்வரை காத்திருந்தால் எடுக்க எதுவும் இருந்திருக்காது. செய்தது இது: மூலநிரலும் அதன் மாற்ற வரலாறும் உள்ள களஞ்சியத்தை ‘மிரர்’ தேர்வுடன் குளோன் செய்தோம், அதாவது முழுதாக நகலெடுத்தோம். அது மட்டும் போதாது. மூலக் களஞ்சியத்துக்குள் இருக்கும் வரலாற்றை யாராவது வலிந்து மாற்றி எழுதினால், அடுத்த புதுப்பிப்பில் நம் நகலும் அப்படியே மாறிவிடும். ஆகவே மாதம் ஒருமுறை அன்றைய களஞ்சியத்தை ஒரே கோப்பில் அடைக்கும் ‘கிட் பண்டில்’ தேதியிட்டுத் தனியாக எடுக்கப்படுகிறது. தனியே சேமிக்கப்படும் பெரிய கோப்புகள், விக்கி, வழு (பிழை) அறிக்கைகள், வெளியீட்டுத் தொகுப்புகள் எதுவும் குளோனில் வராது. ஒவ்வொன்றையும் தனித்தனியே எடுத்தோம். பிறகு இணையத்தைத் துண்டித்துவிட்டு மூலநிரலிலிருந்து கட்டிப் பார்த்தோம். முதல் முறை தோற்றது, சார்பு நூலகங்கள் இரண்டு நகலில் இல்லை. அவற்றைச் சேர்த்தபின் கட்டும் வேலை முழுதாக முடிந்தது.

உறுப்பினர்கள் உடனே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. படிமத்தை ‘லேட்டஸ்ட்’ என்று குறிப்பிட்டு இழுப்பவர்கள் இன்றே நிறுத்துங்கள். பதிப்பு எண்ணோடு, அந்தப் படிமத்துக்கே உரிய அடையாளக் குறியீடான டைஜெஸ்டையும் எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை படிமம் இழுக்கப்படும்போது உங்களை அறியாமலே புதிய உரிமத்தில் வரும் பதிப்புக்குள் போய்விடுவீர்கள், தரவும் புதிய வடிவத்துக்கு மாறிவிடும். பிறகு திரும்பி வர வழியிருக்காது. உரிமம் மாறியபின் வந்த ரெடிஸ் 7.4 எழுதிய தரவுக் கோப்பை வால்கீ ஏற்பதில்லை என்பதை நினைவில் வையுங்கள். மேம்படுத்தும் முன் எடுத்த காப்புநகல் ஒன்றே துணை.

வரவு செலவைப் பொருளாளர் விரிவாக வாசிப்பார். சேமிப்பகத்துக்கே பெரும்பகுதி போனது, கையிருப்பு சென்ற ஆண்டைவிடக் குறைவு. சந்தா கட்டியவர்கள் பாதிக்கும் குறைவு. கட்டாதவர்களில் சிலர் நம் நகலிலிருந்துதான் வாராவாரம் தரவிறக்குகிறார்கள். இரண்டு நினைவூட்டல் போயிற்று.

தலைவருக்கும் பொருளாளருக்கும், வழு அறிக்கைகளை இரவு பகலாக இறக்கி ஒழுங்குபடுத்திய இளம் உறுப்பினர்கள் மூவருக்கும் சங்கத்தின் நன்றி.

வரும் ஆண்டு பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். நகல் இருப்பதால் மட்டும், அதை வைத்து நாம் தனியாகத் தொடரும் கிளை உயிரோடு இருக்காது. பாதுகாப்பு அறிவிப்பு வந்தால் திருத்தத்தைப் படித்து, நம் பதிப்பில் சோதித்து வெளியிட ஆள் வேண்டும். வெளியிலிருந்து வரும் திருத்தம் புதிய உரிமத்தில் இருந்தால் அதை எடுத்து ஒட்டவும் முடியாது. நாமே எழுத வேண்டும். நான் ஒருவன் வார இறுதிகளில் செய்துவருகிறேன், இன்னோர் ஆண்டு அது முடியாது. வாரம் நான்கு மணி நேரம் ஒதுக்கக்கூடிய இருவர் பெயர் கொடுத்தால் பொறுப்பில் தொடர்கிறேன். பெயர்ப் பதிவேடும் சந்தாப் பதிவேடும் ஒரே மேசையில்தான் இருக்கின்றன.

இப்படிக்கு,
செயலாளர்