மலைக்கும் சமவெளிக்கும் ஒரே 500 யூனிட்டா?

மின்கட்டண அடுக்குகளை வகுக்கும் ஆணையத்தாருக்கும், அதில் எவ்வளவு மானியம் என்று முடிவு செய்யும் அரசுக்கும்,

வணக்கம். உதகமண்டலத்தை அடுத்த ஒரு சிற்றூரிலிருந்து எழுதுகிறேன். வீட்டு மின்சாரத்துக்கு இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்று ஒரு கோடு போட்டிருக்கிறீர்கள்; அதைத் தாண்டினால் சலுகை குறைந்து விலை ஏறும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. டிசம்பர், ஜனவரியில் அந்தக் கோடு மலையில் இருக்கும் ஒரு வீட்டை என்ன செய்கிறது என்பதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

எழுதத் தூண்டியது ஒரே ஒரு பேச்சு. இந்த முறை பில் கட்டப் போன இடத்தில், தொகை ஏன் இப்படி ஏறியிருக்கிறது என்று கேட்டேன். வீட்டில் வெந்நீர்த் தொட்டி இருப்பதைச் சொன்னதும், "டப் எல்லாம் வைத்துக் குளிக்கிறவர்கள் இதைக் கட்ட யோசிக்கலாமா?" என்று பதில் வந்தது. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்த ஊழியர் மேல் எனக்குக் கோபம் இல்லை. 500 யூனிட்டைத் தாண்டுகிறவர் வசதி படைத்தவர் என்று கட்டண அட்டவணையே சொல்லும்போது அவர் வேறு எப்படி நினைப்பார்?

அந்தத் தொட்டி பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் அத்தை தேயிலை ஃபாக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முடக்குவாதம். காலையில் எழுந்தால் விரல்களை மடக்க முடியாது, முட்டி நீளாது. மருந்தோடு தினமும் இடுப்பு மூழ்கும் அளவு வெதுவெதுப்பான நீரில் உட்கார்ந்து கைகால்களை அசைக்கச் சொன்னார் பிசியோதெரபிஸ்ட். அதற்காகக் குளியலறையில் 150 லிட்டர் பிடிக்கும் ஒரு பிளாஸ்டிக் தொட்டியை வைத்தோம். ஓட்டல் விளம்பரத்தில் வரும் நுரை பொங்கும் தொட்டி இல்லை இது. மேலே தெர்மோகோல் மூடி, சுற்றிலும் பழைய கம்பளி. அத்தை எழுந்த பிறகு அந்தத் தண்ணீர்தான் துணி துவைக்கவும் தோட்டத்துக்கும் போகிறது. அதில் உட்கார்ந்து எழுந்தால் அவர் தானே காபி போட்டுக் குடிப்பார், தலை வாரிக்கொள்வார். உட்காராத நாளில் சேலைக் கொசுவத்தைச் செருக இன்னொருவர் கை வேண்டும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஒரு யூனிட் மின்சாரம் ஏறத்தாழ 86 லிட்டர் தண்ணீரை 10 டிகிரி சூடாக்கும். சென்னையில் குழாய்த் தண்ணீர் 28 டிகிரியில் வந்தால், 150 லிட்டரை 38 டிகிரிக்குக் கொண்டுவர இரண்டு யூனிட் கூட ஆகாது. எங்கள் ஊரில் உறைபனி விழும் நாட்களில் தண்ணீர் 12 டிகிரிக்குக் குறைந்துவிடும். அதே தொட்டிக்கு நாலரை யூனிட். கெய்சரில் வீணாகும் சூட்டை நான் சேர்க்கவே இல்லை. நாளுக்கு நாலரை என்றால் இரண்டு மாதத்தில் 270 யூனிட். வீட்டின் மற்றச் செலவு 400 யூனிட். ஆக மொத்தம் 670.

2024 ஜூலைக் கட்டணப்படி 400 யூனிட்டுக்கு 1,175 ரூபாய். 670 யூனிட்டுக்கு 3,541 ரூபாய். அதாவது தொட்டிக்கு மட்டும் 2,366 ரூபாய். பி.எஃப். ஓய்வூதியத்தின் குறைந்தபட்சத் தொகை 2014 முதல் மாதம் 1,000 ரூபாயாகவே நிற்கிறது. அத்தைக்கு வருவது அதைவிடக் கொஞ்சம்தான் கூட. இரண்டு மாத ஓய்வூதியத்தை அப்படியே எடுத்து வைத்தாலும் அவருடைய வெந்நீருக்கு மட்டும்தான் சரியாக இருக்கும்.

பில்லை அவர் பார்க்காமல் வைக்கத்தான் நினைத்தேன். ஆனால் செல்போனுக்கு வரும் குறுஞ்செய்தியை அவரே படித்துவிட்டார். மறுநாள் காலை, "இன்றைக்கு வலியே இல்லை, தொட்டி வேண்டாம்" என்றார். அடுத்த நாளும் அதேதான். மூன்று விரலால் டம்ளரைப் பிடிக்க முடியாமல் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் அழுத்திப் பிடித்துக் குடித்துக்கொண்டே வலி இல்லை என்கிறார். வாழ்நாள் முழுக்க யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது என்று உழைத்தவர். அவரிடம் போய் நான் என்ன வாதாடுவது?

அதனால் உங்களிடம் கேட்கிறேன். நவம்பர் முதல் பிப்ரவரி வரை, மலைப்பகுதி வீடுகளுக்கு இந்த 500 யூனிட் கோட்டைத் தள்ளி வையுங்கள். வெந்நீர் மருத்துவத் தேவையாக இருக்கும் வீடுகளுக்கு அதை முதலில் செய்யுங்கள்.

கோடு என்று திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அதே 2024 கட்டணப்படி, சரியாக 500 யூனிட் ஓடினால் 1,805 ரூபாய். 501 ஓடினால் 2,048 ரூபாய். அந்த ஒரு யூனிட்டுக்காக 243 ரூபாய். 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கு 2.35 ரூபாய் என்று கொடுத்த சலுகை மொத்தமாகப் பறிபோய், அதுவும் 4.70 ஆகிவிடுகிறது. அதற்கு மேல் 8.40, பிறகு 9.45. நிறையச் செலவழிப்பவர் கூடுதலாகக் கட்ட வேண்டும் என்ற நியாயம் எனக்கும் புரிகிறது. ஆனால் செலவைத் தீர்மானிப்பது மனிதரின் ஆசை மட்டும்தானா? கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டர் உயரத்தில் பூமி எவ்வளவு குளிர்கிறதோ அதையும் ஒருவருடைய ஊதாரித்தனத்தில் சேர்த்துவிட்டீர்கள்.

வேறு வழி பார்க்கக் கூடாதா என்று கேட்பீர்கள். பார்த்தோம். சோலார் வாட்டர் ஹீட்டர் போடலாம் என்றால் வாடகை வீடு, சாய்வான தகரக் கூரை. போட்டவர்கள் வீட்டில் உறைபனி இரவுகளில் குழாய் வெடிக்கிறது, தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் வாரக்கணக்கில் மேகம் விலகுவதில்லை. கேஸ் கெய்சர் என்றால், குளிருக்குப் பயந்து சன்னலை இறுக மூடும் குளியலறையில் கார்பன் மோனாக்சைடு சேர்ந்து உயிரையே எடுத்துவிடும். எழுபதைத் தாண்டியவரை அந்த அறையில் தனியாக விட எனக்குத் துணிச்சல் இல்லை.

கடைசியாக மிஞ்சுவது விறகு. எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் இன்றும் அதுதான். கரண்ட் பில்லுக்குப் பயந்து விறகடுப்பில் அண்டா வைக்கும் வீடுகள் எங்கள் ஊரில் நிறைய. அந்த விறகுக்காகச் சோலைக்காட்டு ஓரத்துக்குப் போகிற பெண்கள் காட்டெருமையிடமும் கரடியிடமும் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு பக்கம் காட்டுக்குள் போகாதே என்கிறது அரசு. இன்னொரு பக்கம் மின்சாரத்தில் தண்ணீர் காய்ச்சினால் மேல் அடுக்கில் ஏற்றிவிடுகிறது. வெந்நீருக்கு நாங்கள் எங்கேதான் போவது?

இதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1932இல் எங்கள் நீலகிரியின் பைக்காராவில் மின் உற்பத்தி தொடங்கியபோது கோயம்புத்தூர் மில்கள் அந்த மின்சாரத்தில்தான் பெருகின. பிறகு மோயார், குந்தா. அவலாஞ்சி, எமரால்டு, அப்பர் பவானி என்று எங்கள் பள்ளத்தாக்குகளில் அணைகள் எழுந்தன. புல்வெளியும் மேய்ச்சல் நிலமும் தண்ணீருக்குள் போயின. அந்தத் தண்ணீர் இன்றும் சுரங்கக் குழாய்களில் இறங்கி மாநிலத்துக்கு மின்சாரமாகிறது. அதற்கு விலை பேச நான் வரவில்லை. ஆனால் இத்தனை காலம் மலையிலிருந்து எடுக்கத் தெரிந்த நிர்வாகத்துக்கு, மலையில் குளிரும் என்பது கட்டணம் போடும்போது மட்டும் ஏன் நினைவுக்கு வரவில்லை என்று கேட்கிறேன்.

தேவை பார்த்துச் சலுகை தருவது உங்களுக்குப் புதிதும் இல்லை. 2016இல் எல்லா வீட்டுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்றீர்கள். 2023இல் கைத்தறிக்கு 200 யூனிட் இலவசத்தை 300 ஆக்கினீர்கள், விசைத்தறிக்கு 750ஐ 1,000 ஆக்கினீர்கள். நெய்கிறவருக்கு மின்சாரம் எதற்கு வேண்டும் என்று புரிந்துகொண்டு செய்தது அது, நல்ல காரியம். அதே பார்வையை நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு, வால்பாறை வீடுகள் மேலும் நான்கு மாதம் திருப்புங்கள் என்றுதான் கேட்கிறோம். இலவசம் கூடக் கேட்கவில்லை. கோட்டைத் தள்ளி வையுங்கள், கட்டிவிடுகிறோம்.

2021 தேர்தலில் தி.மு.க. சொன்னபடி, இரண்டு மாதத்துக்குப் பதில் மாதாமாதம் மீட்டர் கணக்கெடுப்பது வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். ஸ்மார்ட் மீட்டருக்காக அது காத்திருக்கிறது என்றும் கேள்விப்படுகிறோம். வரட்டும். ஆனால் மாதக் கணக்கு வரும்போது 500ஐ 250 ஆக்கிவிட்டால் எங்கள் தொட்டிக்கு ஒரு பைசா குறையாது. அதனால் அந்த வாக்குறுதியைக் காட்டி இந்தக் கோரிக்கையைத் தள்ளிப் போட வேண்டாம்.

யாராவது இதைத் தவறாகப் பயன்படுத்துவார்கள், ரிசார்ட்டுகளும் காட்டேஜ்களும் புகுந்துவிடும் என்று அதிகாரிகள் தயங்கலாம். நியாயமான தயக்கம். குடும்பம் வசிக்கும் வீட்டுக்கு மட்டும், ஒரு குடும்பத்துக்கு ஓர் இணைப்புக்கு மட்டும் என்று வையுங்கள். ரேஷன் கார்டு முகவரியை ஒப்பிட்டுப் பாருங்கள். மருத்துவத் தேவைக்கு அரசு மருத்துவமனை மருத்துவரின் சான்று கேளுங்கள், கொடுக்கிறோம். வீட்டுக்கு வந்து தொட்டியையே பார்த்துவிட்டுப் போக விரும்பினாலும் கதவு திறந்திருக்கும்.

2022 கட்டண உயர்வுக்கு முன்னால் கோவை, மதுரை, சென்னை ஆகிய ஊர்களில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தினீர்கள். மலையிலிருந்து வயதானவர்கள் யாரும் கோவைக்கு இறங்கி வந்து மேடையில் பேச மாட்டார்கள், அவர்களால் முடியாது. அடுத்த முறை ஒரு கூட்டத்தை உதகையில் வையுங்கள், முடிந்தால் ஜனவரியில், காலை நேரத்தில். அத்தையையும் அவரைப் போன்றவர்களையும் அழைத்து வருகிறேன். அதற்கு முன்பே, வரும் நவம்பருக்குள், மலைப்பகுதி வீடுகளுக்கு இந்தக் கோட்டைத் தள்ளி வைத்து ஓர் ஆணை பிறப்பிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நீலகிரி மாவட்ட வீட்டு மின் நுகர்வோர் ஒருவர்