கடிதத்தைத் திருத்தாமல் அனுப்புங்கள்

மொரீஷியஸ் பள்ளிகளில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

உங்கள் வகுப்புகளில் கடிதம் எழுதும் பயிற்சி உண்டு. நண்பனுக்கு, மாமாவுக்கு, தலைமை ஆசிரியருக்கு என்று பிள்ளைகள் எழுதுகிறார்கள். மதிப்பெண் போட்டதும் நோட்டு மூடப்படுகிறது. அந்தக் கடிதங்களில் ஒன்றையாவது உண்மையாகவே அஞ்சலில் சேர்க்கும்படி கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

1979-இல் எனக்குப் பதினொரு வயது. வீடு காத்ர் போர்னில், கோர் தெ கார்த் மலையடிவாரத்தில். வீட்டில் பேசியது கிரியோல். தமிழ் பள்ளியிலும் கோவிலிலும் மட்டும். உறவினர் ஒருவர் சென்னையிலிருந்து கொண்டுவந்த பழைய வார இதழ்களில் ஓர் ஓவியரின் கோட்டுச் சித்திரங்களைப் பார்த்து மயங்கிக் கிடந்தேன். தொடர்கதை புரியாது, படத்திலிருக்கும் பெண்ணுக்கு அழுகையா கோபமா என்பது மட்டும் புரியும். இதழின் முகவரிக்கு, அவர் பெயரைப் போட்டு ஓர் ஏரோகிராம் (மடித்து ஒட்டினால் அதுவே உறையாகிவிடும் வான்வழிக் கடிதத் தாள்) எழுதினேன். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. (குடும்பத்தாரைக் கேட்காமல் அவர் பெயரை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை.)

'அன்புள்ள தம்பி' என்று தொடங்கிய அந்தக் கடிதத்தில் பாராட்டு இரண்டே வரி. மற்றதெல்லாம் கேள்வி. உங்கள் ஊரில் கரும்பு வெட்டுகிறவர் கத்தியை எங்கே பிடிப்பார்? அப்போது இடது கை என்ன செய்யும்?

கரும்புக் காட்டுக்கு நடுவே வளர்ந்த எனக்கு விடை தெரியவில்லை. தாத்தாவிடம் போனேன். முற்றத்து ஓரக் கரும்பை இடது கையால் பற்றி, குனிந்து, மண்ணை ஒட்டி ஒரே வெட்டில் சாய்த்துக் காட்டினார். அடியில்தான் சர்க்கரை அதிகம், உயரத்தில் வெட்டினால் நஷ்டம் என்றார். அவர் முதுகு ஏன் அப்படி வளைந்திருக்கிறது என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது.

ஏரோகிராமுக்குள் துண்டுத் தாள்கூட வைக்கக் கூடாது. அதனால் எழுத்துக்கு நடுவே கட்டைவிரல் அகலத்துக்கு இடம் விட்டு, அந்த முதுகை வரைந்து அனுப்பினேன். நாலு கோட்டில் முடிக்க வேண்டியிருந்தது. இன்றும் நான் அப்படித்தான் வரைகிறேன்.

அந்தக் கடிதத்தில் 'கறும்பு' என்று எழுதியிருந்தேன். அவர் பதிலில் 'கரும்பு' மூன்று இடத்தில் இருந்தது. பிழையைப் பற்றி ஒரு சொல் இல்லை. அடுத்த கடிதத்தில் நானாகவே சரியாக எழுதினேன். அதே ஆண்டு என் பள்ளி நோட்டில் சிவப்பு மையால் சுழிக்கப்பட்ட சொற்களில் ஒன்றுகூட இன்று நினைவில் இல்லை.

ஐந்து ஆண்டுகள் எழுதிக்கொண்டோம். தைப்பூசத்தன்று மலைக்கோவிலுக்குக் காவடி எடுப்பவரின் தோள் எந்தப் பக்கம் இறங்குகிறது என்று ஒருமுறை கேட்டார். ஊர்வலம் முழுக்கத் தோள்களையே பார்த்துக்கொண்டு நடந்தேன். சாமியைக்கூடச் சரியாகக் கும்பிடவில்லை.

இப்போது மின்னஞ்சல் இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். பதில் வரும்வரை இருந்த அந்த இரண்டு மாதங்களில்தான், அடுத்த கடிதத்தில் எழுதுவதற்காக நான் ஊரைப் பார்த்தேன். 1847-இல் வெளியிட்ட இரண்டு அஞ்சல்தலைகளால் உலகம் அறிந்த தீவு இது. நம் பிள்ளைகளில் எத்தனை பேர் தம் கையால் ஓர் அஞ்சல்தலை ஒட்டியிருப்பார்கள்?

ஜனவரியில் பள்ளி திறந்ததும், தைப்பூசத்தை ஒட்டி, ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கலைஞருக்கு எழுதட்டும். தமிழ்நாட்டு ஓவியராக இருக்கலாம், பக்கத்துத் தீவான ரீயூனியனில் மேளம் வாசிப்பவராக இருக்கலாம், நம் தெருவிலேயே காவடி கட்டுகிற பெரியவராகவும் இருக்கலாம். பலருக்குப் பதில் வராது. அதை முன்னமே சொல்லிவிடுங்கள். பிழைகளோடு எழுதினால் பிழைகளோடே போகட்டும். அந்த ஒரு நாள் சிவப்புப் பேனாவை மேசைக்குள் வைத்துவிடுங்கள்.

முகவரி தேடித் தருவதும் அஞ்சல்தலை வாங்கித் தருவதும் என் பொறுப்பு.

அன்புடன்,
காத்ர் போர்னிலிருந்து ஓர் ஓவியன்