லாண்ட் றோவரின் பொடி தூக்க முதல் வாசி

பேர்மிங்ஹாம்,
மாசி மாதம்.

அன்பின் தம்பிக்கு,

அம்மா, மாமா, நீ எல்லாரும் சுகம்தானே? நான் நல்ல சுகம். குளிருக்கு இன்னும் உடம்பு பழகவில்லை. மார்கழியில் வேலைக்கு வெளிக்கிடும்போதும் இருட்டு, பின்னேரம் நாலு மணிக்கு முதலே பொழுது பட்டுவிடும். கராச்சுக்குள் ஹீற்றர் இருந்தாலும் விறைத்த இரும்பு கையுறை இல்லாமல் தொட விடாது. பெயின்ற் அடிக்கிற வேலை என்றால் இன்னும் கரைச்சல். பத்துப் பாகைக்குக் கீழே போனால் காயாமல் பிசுபிசுத்துக்கொண்டு நிற்கும். அந்த விசயத்தில் நீ கொடுத்துவைத்தவன்.

மாமாவின் லாண்ட் றோவரை இந்தக் கோடையில் பிரிக்கப்போகிறீர்கள் என்று சொன்னாய். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும். அதுதான் கடிதமாக எழுதுகிறேன். கொட்டிலில் ஒட்டி வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கோ.

இந்த வாகனம் பிறந்த சொலிஹல் எங்களுக்குப் பக்கத்து ஊர். 1948இல் தொடங்கி, 2016 தை 29ஆம் திகதி இதன் வழிவந்த கடைசி டிபெண்டர் வெளியே வந்தது வரை அங்கேதான் செய்தார்கள். முதல் வண்டி வந்த நேரம், இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, உருக்குத் தகடு பங்கீட்டில் இருந்தது. அதனால் பொடியை, அதாவது வெளிக்கூட்டை, பேர்மாபிறைற் என்ற அலுமினியக் கலவையில் அடித்தார்கள். எல்லாவற்றையும் தாங்குகிற அடிச்சட்டமான செசியும், எஞ்சினுக்கும் சீற்றுக்கும் நடுவில் நிற்கிற சுவரான பல்க்ஹெட்டும் இரும்பு. இரும்பும் அலுமினியமும் தொடுகிற இடத்தில் ஈரம் சேர்ந்தால் அலுமினியம்தான் முதலில் கரையும். போல்ட்டைச் சுற்றி வெள்ளை மாப்போல பூத்திருக்கும், பார்த்திருப்பாய். இரும்பு தன் பாட்டில் கறள் பிடிக்கும். கழற்றும்போது வருகிற கரைச்சலில் முக்கால்வாசி இந்த இரண்டாலும்தான்.

இங்கே செசிகளைத் தின்கிறது உப்பு. றோட்டில் தண்ணீர் உறையாமல் இருக்க லொறியில் கல்லுப்புக் கொட்டுவார்கள். செஷயரில் வின்ஸ்பேர்ட் என்ற இடத்தில் நிலத்துக்கடியில் வெட்டி எடுக்கிற மண்நிற உப்பு அது. அதனால் இங்கே கனபேர் பழைய செசியைச் சுரண்டிக்கூடப் பார்க்காமல், துத்தநாகத்தில் முக்கின புதுச் செசி ஒன்றுக்கு ஓடர் கொடுத்துவிடுவார்கள். மாங்குளத்துக் கொட்டிலுக்குள் நின்ற வாகனம் அப்படியில்லை. முல்லைத்தீவுக் கரையில் ஓடியிருந்தால் வேறு கதை. உள்நாட்டு வண்டியைச் செசிக்கு உள்ளே இறுகின சேறுதான் கெடுக்கும். வயல் சேறு ஓட்டைகளால் உள்ளே போய், வடிகால் ஓட்டையை அடைத்து, மாரி முழுக்க ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். குளவி மண் கூடு கட்டினாலும் அதே வேலைதான். ஆகவே யாராவது "செசி சரிவராது, வேறு போடுங்கோ" என்று சொன்னால், பொடியைக் கழற்றிக் கழுவிப் பார்க்கும்வரை நம்பாதேங்கோ.

கழற்ற முதல் எஞ்சினை ஒருக்கா ஓடவிட்டு கொம்பிறெஷன் (சிலிண்டருக்குள் காற்று அமுங்குகிற அளவு) பார். பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடின எஞ்சின் அது. மண்ணெண்ணெய் முழுக்க ஆவியாகாமல் சிலிண்டர் சுவரால் வடிந்து ஒயிலில் கலக்கும், பிஸ்டன் றிங் தேயும். வயரைக் கழற்றின பிறகு இதைப் பார்க்கிறது பெரிய சிரமம்.

அடுத்தது அளவு. இதைத்தான் எல்லாரும் தவறவிடுகிறவை. லாண்ட் றோவரின் பொடி ஒரே துண்டு இல்லை. முன்னால் றேடியேற்றர் பனல், நடுவில் பல்க்ஹெட், பின்னால் சாமான் ஏற்றுகிற தொட்டி. மூன்றும் தனித்தனியாகச் செசியில் நிற்கும். கதவு பல்க்ஹெட்டில் தொங்கித் தொட்டியில் பூட்டும். அதனால் இரண்டுக்கும் இடையில் உள்ள இடைவெளிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கதவு நல்லாப் பூட்டுகிற நிலையில், இரண்டு பக்கமும் கதவு வாசலின் மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில் அளந்து எழுதி வை. மூலைவிட்டமும் அள. பல்க்ஹெட் போல்ட்டில் மெல்லிய தகட்டுத் துண்டுகள் செருகியிருந்தால் அவை குப்பை இல்லை. அந்த இடைவெளிக்காகத் தொழிற்சாலையிலோ பிறகோ வைத்த சிம். இடது, வலது என்று எழுதித் தனித்தனி பையில் போடு.

நட்டுக் கழற்றுகிற சாவி எடுக்க முதல் இதையும் பார். இது அங்குல வாகனம். அரை அங்குலம் என்றால் 12.7 மில்லிமீற்றர், அதில் 13 சாவியைப் போட்டால் தலை உருண்டுபோகும். 7/16 என்றால் 11.1, 9/16 என்றால் 14.3. முக்கால் அங்குலத்துக்கு மட்டும் 19 மில்லிமீற்றர் பொருந்தும். ஒரு அங்குல சொக்கற் செற் இரவல் வாங்கியாவது எடு. கழற்ற ஒரு கிழமைக்கு முதலே எல்லா போல்ட்டையும் கம்பி பிறஷ்ஷால் தேய்த்து, ஒட்டோ கியர் ஒயிலும் அசிற்றோனும் பாதிக்குப் பாதி கலந்து பின்னேரத்தில் விட்டுக்கொண்டு வா. கழற்றும்போது முதலில் கொஞ்சம் இறுக்கிப் பார்த்துவிட்டு, அசைந்தால் இளக்கு. காஸ் பற்றவைக்கிறது என்றால் பெற்றோல் தாங்கி கழன்று கொட்டிலுக்கு வெளியே போயிருக்க வேண்டும். 88இல் (அச்சுக்கு அச்சு 88 அங்குலம் உள்ள மாமாவின் வகையில்) அது வலப்பக்க சீற்றுக்குக் கீழேதான் இருக்கும். வெறும் தாங்கி நிறைந்த தாங்கியைவிட ஆபத்து, உள்ளே ஆவிதான் நிற்கும். சீற் பெட்டி மூடியைத் திறக்கிற நேரம் ரோச் அடித்துப் பார். கனகாலம் நின்ற வாகனம், பாம்பு கிடக்கும்.

பற்றறி கழற்று. கூரை, கதவுகள், கண்ணாடிச் சட்டம், போனற் வெளியே வரட்டும். கூரையைத் தூக்க நாலு பேர் வேணும். இரண்டு பேர் தூக்கினால் நடு வளைந்துபோகும். பிறகு முன் மட்காட்கள். அதற்குப் பிறகு தரைத் தகடுகளும் கியர்பொக்ஸ் மூடியும். மஞ்சள் குமிழ் நாலு சில்லுக்கு, சிவப்புக் குமிழ் குறைந்த கியருக்கு. குமிழ்களைக் கழற்றாமல் மூடி மேலே வராது, மஞ்சள் தண்டில் இருக்கிற ஸ்பிரிங்கும் துள்ளி விழும். ஹாண்ட்பிறேக் தண்டு சீற் பெட்டிக்குள்ளால் வருகிறது. சீற் பெட்டி தூக்க முதல் அதைப் பார்.

இனிமேல் பொடிக்கும் செசிக்கும் இடையில் ஓடுகிற எல்லாவற்றையும் ஒன்றொன்றாகப் பிரி: கிளச் பைப், பிறேக் பைப், ஸ்பீடோ மீற்றர் கேபிள், அக்சிலறேற்றர் தண்டு, ஹீற்றர் ஹோஸ், எஞ்சினிலிருந்து வருகிற ஏர்த் வயர். பின் லைற்றுக்குப் போகிற வயர் செசிக்கு உள்ளாலேதான் ஓடுகிறது. அதை வெட்டி இழுத்தால் புதுவயர் விட வழியே இல்லாமல் போகும். நுனியில் நல்ல நைலோன் கயிறு ஒன்றைக் கட்டி, வயரை இழுக்க இழுக்கக் கயிறு உள்ளே போகும்படி செய். பிறகு அந்தக் கயிற்றாலேயே புதுவயரை இழுக்கலாம். பிறேக் பட்டையைக் கழற்றினால் தூசியை ஊதாதே. பழைய பட்டையில் கல்நார் இருக்கும். ஈரத்துணியால் துடை.

ஸ்டியரிங்கை மறந்தால் பல்க்ஹெட்டைத் தூக்கும்போது வளைந்து போகும். ஸ்டியரிங் பெட்டி பல்க்ஹெட்டோடும் செசியோடும் இரண்டிலும் பிணைந்திருக்கு. செசிப்பக்கத்துப் பிராக்கற்றை இளக்கி, கீழேயிருக்கிற பந்து மூட்டைப் பிரி. பந்து மூட்டு கழலாமல் மாயம் காட்டும். நட்டை இளக்கிவிட்டு, மூட்டு செருகியிருக்கிற தண்டின் கண்ணுக்கு இரண்டு பக்கமும் இரண்டு சுத்தியலால் ஒரே நேரத்தில் தட்டு. அடி விழுந்தவுடன் துள்ளி விடும். முன் குறுக்குச் சட்டத்துக்குள் நிற்கிற ஸ்டியரிங் றிலேயை மட்டும் தொடாதே. அதுக்குள் பலமான ஸ்பிரிங் ஒன்று இறுக்கிக் கிடக்கிறது, திறந்தால் முகத்துக்கு வரும். கழற்றத்தான் வேணும் என்றால் ஒட்டுமொத்தமாகக் கழற்று, பிரிக்காதே. அதுவும் பெரும்பாலும் சட்டத்தோடு ஒட்டிப் போயிருக்கும்.

இனித் தூக்கு. தொட்டி பின் குறுக்குச் சட்டத்தில் வரிசையாக வருகிற போல்ட்களிலும், முன்பக்கம் செசியிலிருந்து நீளுகிற கைகளிலும் நிற்கிறது. அந்தக் கைகளை இங்கே அவுட்றிகர் என்பார்கள். கழற்றின ஒவ்வொரு இடத்தையும் சோக்கால் வட்டம் போடு. வட்டம் போடாத ஒரே ஒரு போல்ட்தான் கூட்டத்தையே நிற்பாட்டும். நாலு பேர் மூலைக்கொன்று பிடித்து நேரே மேலே, பிறகு பின்னால். பக்கத்துக்குச் சரித்தால் தொட்டி செசியில் உரசும். கீழே பழைய ரயர்களை வைத்து அதன்மேல் இறக்கு. பல்க்ஹெட்டுக்கு அடியில் ஒவ்வொரு பக்கமும் ஒரு நீளமான பெரிய போல்ட், அது குழாய்க்குள் கறளால் ஒட்டிப்போயிருக்கும். அடித்து அடித்து அவுட்றிகரைக் கிழிக்காமல், இரண்டு முனையையும் வாளால் வெட்டு. போல்ட் மலிவு. பல்க்ஹெட்டின் கால் கறள் தின்றிருந்தால், தூக்க முதலே இரண்டு தூண்களுக்கும் குறுக்கே ஒரு கோண இரும்பை வெல்ட் பண்ணு. இல்லாவிட்டால் கால் வெட்டிப் புதுத்துண்டு ஒட்டும்போது அகலம் மாறி, பிறகு கதவு வராது.

வெறும் செசி வந்ததும் கழுவு. கிணற்று மோட்டரின் ஹோஸை ஓட்டைகளுக்குள் விட்டு, மறுபக்கத்தால் தெளிந்த தண்ணீர் வரும்வரை. நல்ல வெயிலில் சில நாள் காயட்டும். காய்ந்தபிறகு சின்னச் சுத்தியலால் அங்குலம் அங்குலமாகத் தட்டு. நல்ல இரும்பு மணியடிக்கும், கறள் தின்றது மந்தமாகச் சத்தம் தரும். பின் குறுக்குச் சட்டம், பின் ஸ்பிரிங் கொழுவுகிற இடம், அவுட்றிகர் அடி, பிரதான சட்டத்தின் கீழ்ப்பக்கம். இவைதான் முதலில் போகிற இடங்கள். சந்தேகம் வந்தால் ஸ்குறூட்றைவரால் குத்து. உள்ளே போனால் அந்த இடத்தை நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டவேணும். மேலே தகடு ஒட்டினால் கறளையும் சேர்த்து மூடினதாகிவிடும்.

வெட்ட முதல் மூலைவிட்டம். செசியை நாலு ஸ்ராண்டில் மட்டமாக வைத்து, நூல்குண்டால் நாலு மூலையையும் சீமெந்துத் தரையில் குறித்து, குறுக்கு அளவு இரண்டையும் ஒப்பிடு. 88இல் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவில் 2235 மில்லிமீற்றர், இரண்டு பக்கமும் ஒன்றாக வரவேணும். ஐந்து மில்லிமீற்றருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வெல்டிங் தொடங்காதே, யாரும் இடித்ததா என்று மாமாவைக் கேள். அவுட்றிகர் மாற்றுவதென்றால் ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். அதுவும் பல்க்ஹெட்டையும் தொட்டியையும் மேலே தற்காலிகமாக வைத்து, கதவைக் கொழுவி, இடைவெளி நீ எழுதின அளவோடு ஒத்துவந்தபிறகு பொட்டு வெல்ட் போடு. வெல்டிங் அரைப் பக்கம், மறு அரைப் பக்கம் என்று மாறி மாறி. ஒரே மூச்சில் ஓட்டினால் சூட்டில் சட்டம் இழுபடும்.

இலக்கம். செசி இலக்கம் முன் வலப்பக்க ஸ்பிரிங் பிராக்கற்றில் வெட்டியிருக்கும். அதை கிரைண்டரால் தொடக்கூடாது, கெட்டிப் பெயின்ற்றால் மூடவும் கூடாது. பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கு. நாட்டுக்கு நாடு விதி வேறு, ஆனால் செசி இலக்கம் அழிந்தால் எந்த நாட்டிலும் அலைச்சல்.

திரும்பப் பூட்டும்போது ஸ்பிரிங் போல்ட்களை வாகனம் சில்லில் நின்று பாரம் ஏறினபிறகுதான் முழுக்க இறுக்கு. தூக்கின நிலையில் இறுக்கினால் உள்ளே இருக்கிற றப்பர் முறுகி நின்று கெதியாகக் கிழிந்துவிடும். அலுமினியம் இரும்பைத் தொடுகிற இடமெல்லாம் இடையில் பெயின்ற்றும் றப்பரும் வை, வெறும் ஸ்ரெயின்லெஸ் போல்ட்டை அலுமினியத்தில் நேரடியாகப் போடாதே. செசியின் உள்பக்கத்துக்கு மெழுகு விசிறலாம், இங்கே வாங்கி அனுப்புகிறேன். பழைய எஞ்சின் ஒயில் வேண்டாம், அது வடிந்து கிணற்றடி மண்ணைத்தான் சேரும்.

ஐப்பசி மாரி தொடங்க முதல் செசி பெயின்ற் காய்ந்து பொடி மேலே ஏறிவிட வேணும். அதற்குப் பின்னால் வெளியே வைத்து வேலை செய்ய ஏலாது. கழற்ற முதல் செசி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் படம் எடுத்து அனுப்பு. அதைப் பார்த்துத்தான் சரியான புஷ், றப்பர், பிறேக் ஹோஸ் இங்கே வாங்கலாம். ஆடியில் ஊருக்கு வருகிற ஒருவர் கையில் கொடுத்துவிடுகிறேன். முறிகண்டிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டுத் தொடங்குங்கோ.

அம்மாவைச் சுகம் கேட்டதாகச் சொல்லு.

அன்புடன்,
அண்ணா