லாக்ஸ்டன் ஊராருக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

நாட்டிங்காம்ஷயரின் லாக்ஸ்டன் பாரிஷைப் பற்றிய என் சிறுநூல் ஒருவழியாக அச்சுக்குப் போய்விட்டது. அட்டையில் என் பெயர் இருக்கிறது. பாதி உழைப்பு உங்களுடையது.

முதல் நன்றி ஜூரி உழவர்களுக்கு, அதாவது வயலில் யாரும் எல்லை மீறி உழவில்லையா என்று பார்க்கும் ஊர்க் குழுவினருக்கு. இங்கிலாந்தின் பெரும்பாலான ஊர்களில், பலர் துண்டு துண்டாகப் பங்கிட்டு உழுத பொது வயல்களை வேலிபோட்டுத் தனிப் பண்ணைகளாக்கி நூறு, இருநூறு வருடங்களுக்கு மேலாகிறது. லாக்ஸ்டனிலோ மேற்கு வயல், தெற்கு வயல், மில் வயல் மூன்றும் இன்றும் திறந்தே கிடக்கின்றன. ஒரு வருடம் கோதுமை, மறுவருடம் வேறு பயிர், அப்புறம் தரிசு. நவம்பர் கடைசியில் ஜூரி கோதுமை வயலைச் சுற்றிப் பார்க்கும் நாளில் என்னையும் டிரெய்லரில் ஏற்றிக்கொண்டீர்கள். பெரியவர் ஒருவர் சேற்றில் குனிந்து, ஒரு கண்ணை மூடி, முளைகளை நேர்பார்த்தார். "பாதைக்குள்ள ஒரு சால் வந்துட்டான்" என்றார். சம்பந்தப்பட்டவரும் பக்கத்திலேயே நின்று சிரித்தார்! அபராதத்தை அடுத்த வாரம் கூடும் கோர்ட் லீட் என்ற பழைய ஊர் நீதிமன்றம் முடிவுசெய்யும். ஏட்டில் படித்திருந்தால் இது எனக்கு வெறும் சட்டமாகத்தான் தெரிந்திருக்கும்.

ஆக்ஸ்போர்டின் பாட்லியன் நூலக ஊழியர்களுக்கும் கடன்பட்டிருக்கிறேன். 1635-இல் மார்க் பியர்ஸ் வரைந்த நிலப்படம் அங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு துண்டு நிலமும் அதில் உண்டு. நடுநடுவே உழுகிறவர்கள், அறுக்கிறவர்கள், வேட்டையாடுகிறவர்கள் எனக் குட்டி உருவங்கள். நில அளவைக்கு வந்தவருக்கு இதெல்லாம் எதற்கு? ஆசைதான், வேறென்ன.

1952-இல் மேன்வர்ஸ் பிரபுவிடமிருந்து வேளாண் அமைச்சகம், 1981-இல் அரச சொத்துகளை நிர்வகிக்கும் கிரவுன் எஸ்டேட், 2020-இல் தோர்ஸ்பி எஸ்டேட் என்று நிலம் கைமாறிய கதையைப் பொறுமையாக விளக்கிய குத்தகை விவசாயிக்கும் நன்றி. தோர்ஸ்பி என்பது அதே மேன்வர்ஸ் குடும்பத்தின் பழைய இடம் என்பதை அவர் சொன்ன விதத்தில் கொஞ்சம் குறும்பு இருந்தது.

புனித மிக்கேல் ஆலயத்தைத் திறந்துவிட்டு, அந்தக்கால நிலக்கிழார்களான எவரிங்காம் குடும்பத்துப் பெண்ணின் மரச்சிலைக்கு டார்ச் பிடித்து நின்ற அம்மாவுக்கும் வணக்கம்.

பிரதிகள் கைக்கு வந்ததும் ஒரு கட்டு டவ்கோட் விடுதிக்கு அனுப்பிவைக்கிறேன். தமிழ் எழுத்து உங்களுக்குப் படிக்க வராது, படங்களுக்காகவாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

நன்றியுடன்,
நூலாசிரியர்