ஏணியில் இறங்கிய பேரரசர்

அன்புள்ள சுந்தரம்,

கண்புரை அறுவைக்குப் பிறகு எழுத்தெல்லாம் துலக்கமாகத் தெரிவதாக எழுதியிருந்தாய். ரொம்ப சந்தோஷம். இனி என் கையெழுத்து புரியவில்லை என்று சாக்குச் சொல்ல முடியாது.

பழைய ஆங்கிலப் பயணக்கதை ஒன்றை மொழிபெயர்க்கிறேன் என்றேனே, அதில் மாட்டிக்கொண்டேன். வேலையாட்கள் ஏணி வைத்து 'இம்பீரியலை' இறக்கினார்கள் என்று ஒரு வரி. யோசிக்காமல் 'பேரரசரை இறக்கினார்கள்' என்று எழுதிவிட்டேன். இரண்டு நாள் கழித்துத்தான் அகராதியைப் புரட்டினேன். குதிரைவண்டிக் கூரைமேல் வைக்கும் பயணப்பெட்டிக்கு அந்தப் பெயராம்! யாரிடமும் சொல்லித் தொலைக்காதே.

அதன்பிறகு அந்தச் சொல் என்னை விடவில்லை. லத்தீனில் 'கட்டளையிடு' என்பதுதான் அதன் வேர். கீழுதட்டுக்கு அடியில் விடும் குறுந்தாடியும் இம்பீரியல்தான். மூன்றாம் நெப்போலியன் வைத்திருந்ததால் வந்த பெயர். ரஷ்யாவின் 10 ரூபிள் தங்கக்காசுக்கும், 22க்கு 30 அங்குல ஓவியத்தாளுக்கும் அதே பெயர்.

எனக்கு மிகவும் பிடித்தது அளவை சமாசாரம். பிரிட்டனில் ஒயினுக்கு ஒரு காலன், பீருக்கு ஒரு காலன், தானியத்துக்கு வேறொன்று என்று இருந்ததை 1824ஆம் வருஷச் சட்டம் ஒழித்தது. 10 பவுண்டு தண்ணீர் பிடிக்கும் ஒரே காலன், அதுதான் இம்பீரியல் காலன். நம் கணக்கில் 4.546 லிட்டர். அமெரிக்கர்கள் பிரிந்துபோய் அதற்குள் அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. அவர்கள் பழைய ஒயின் காலனையே வைத்துக்கொண்டார்கள், அது 3.785 லிட்டர்தான். ஆக, பிரிட்டிஷ் காலனுக்கு 48 மைல் போகிற கார், அமெரிக்கக் காலனுக்கு 40 மைல்தான் போகும். ஒரே கார்! இதில் வேடிக்கை, அமெரிக்க அளவைகளையும் பலர் இம்பீரியல் என்றே சொல்கிறார்கள், அமெரிக்கர்கள் உட்பட. பேரரசை உதறிவிட்டுப் போனவர்களை அதன் பெயர் துரத்திப் பிடித்துவிட்டது.

இன்னொன்று. சட்டம் வந்து பத்தே வருஷத்தில், 1834இல், லண்டன் நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது. மற்ற அளவுகோல்களுக்கெல்லாம் ஆதாரமாக உள்ளே வைத்திருந்த மூல கஜக்கோல் வெந்து கெட்டது. மூலப் பவுண்டு எடைக்கல் போன இடமே தெரியவில்லை. தீ எதனால் தெரியுமா? காலாவதியான கணக்குக் குச்சிகளை, அதாவது வெட்டுக்குறி போட்டுக் கணக்கு வைத்த மரக்குச்சிகளை, உலையில் போட்டு எரித்ததால்!

பெட்டிக்கு இப்போது 'கூரைப்பெட்டி' என்று போட்டிருக்கிறேன். வேறு நல்ல சொல் தோன்றினால் எழுது. அடுத்த அத்தியாயத்தில் ஒரு கனவான் தன் இம்பீரியலைத் தடவியபடி யோசிக்கிறார். தாடியாகத்தான் இருக்கும். ஆனால் பக்கத்திலேயே வண்டியும் நிற்கிறது.

உன்,
ராமு