‘சாலோ’ என்னும் சொல்லுக்கு ‘வெளிறிய’ போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உடல்நலக் கட்டுரைகளை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்குவோர் பலர், முகத்தின் நோய்க்களையைக் குறிக்கும் ‘சாலோ’ (sallow) என்ற ஆங்கிலச் சொல்லை ‘வெளிறிய’ என்றே எழுதிவிடுகிறார்கள். பழைய ஆங்கிலத்தில் மங்கிய, கருமையான நிறத்தைக் குறித்த அச்சொல், இன்று மஞ்சளும் பழுப்பும் கலந்து ஒளியிழந்த தோலையே சுட்டுகிறது. வெளிறிய என்பதற்கு ‘பேல்’ (pale) என்ற வேறு சொல் அங்கே உண்டு.

இதைச் சொல்லாராய்ச்சி என்று ஒதுக்கிவிட முடியவில்லை. பீடி சுற்றும் பெண்கள் நிறைந்த எங்கள் முக்கூடல் பகுதியில், மாநிறத் தோலில் இரத்தசோகை வெளுப்பாகத் தெரியாமல் மஞ்சள் கலந்த பழுப்பாக மங்கித் தெரிவதுண்டு. என் தாயாரின் முகம் அப்படி மாறியபோது, வெளுக்கவில்லையே என்று நாங்கள் மாதக்கணக்கில் வாளாவிருந்தோம். கீழிமையின் உட்புறத்தையும் நாக்கையும் உள்ளங்கையையும் பார்த்திருந்தால் முன்பே அறிந்திருப்போம். (கண்ணின் வெள்ளைப் பகுதியே மஞ்சளானால் அது காமாலையாக இருக்கலாம், அதையும் பிரித்து எழுத வேண்டும்.)

‘சாலோ’வுக்குப் ‘பசலை’ என்று எழுதலாமே எனில், திருக்குறளின் 119ஆம் அதிகாரமான ‘பசப்புறு பருவரல்’ பத்துக் குறளிலும் பேசும் பசலை என்னும் நிறமாற்றம் காதலர் பிரிவால் வருவது. ஆதலால் மருத்துவக் கட்டுரைக்குப் பொருந்தாது. ‘சோகை பிடித்த முகம்’ என்பதோ நோயின் பெயரையே முன்கூட்டிச் சொல்லிவிடும். ‘மஞ்சள் பாரித்து மங்கிய’ என்று தங்கள் நாளிதழ் எழுதுமாறு அன்புடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
முக்கூடல், திருநெல்வேலி மாவட்டம்.