செயலாளர் ஆண்டறிக்கை: ஆன்டிபயாடிக் விழிப்புணர்வுப் பணி

உறுப்பினர்களுக்கும், அழைப்பை ஏற்று வந்திருக்கும் மருத்துவர்கள், செவிலியர்கள், மருந்தாளுநர்களுக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நிர்வாகக் குழுவில் மாற்றமில்லை.

ஆண்டின் முதல் வேலையே சறுக்கலில்தான் தொடங்கியது. 'சளிக்கு ஆன்டிபயாடிக் கேட்காதீர்கள்' என்று சுவரொட்டி ஒட்டினோம். படித்தவர்கள், "சரி, அப்புறம் என்னதான் செய்வது?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. சளி வைரஸால் வருவது, ஆன்டிபயாடிக்குக்குக் கட்டுப்படுவது பாக்டீரியா என்பதைப் பலர் ஏற்கெனவே அறிந்திருந்தார்கள். அவர்களுக்குத் தெரியாதது, இருமல் எத்தனை நாள் இருக்கும் என்பதுதான். அது மூன்று வாரம்கூட நீடிக்கும். இதைச் சொல்லாவிட்டால், ஐந்தாம் நாளே மருந்து வேலை செய்யவில்லை என்று வேறொரு மாத்திரை தேடிப் போகிறார்கள். சுவரொட்டியை மாற்றினோம். சளி, தொண்டைவலி, காதுவலி ஒவ்வொன்றும் எத்தனை நாளில் தணியும், மூச்சுத்திணறல் போன்ற எந்த அறிகுறி வந்தால் காத்திராமல் வர வேண்டும் என்று எழுதினோம். திட்டுகிற தொனியை எடுத்துவிட்டோம். வேலைக்கு ஆனது இரண்டாவது சுவரொட்டிதான்.

அவசரமில்லாத நிலையில், 'இரண்டு மூன்று நாளில் குறையவில்லை என்றால் மட்டும் வாங்குங்கள்' என்று சொல்லி மருந்துச் சீட்டு தரும் முறையை மருத்துவ உறுப்பினர்கள் விளக்கினார்கள். அப்படிச் சீட்டு பெறுவோரில் பலருக்கு அது தேவைப்படாமலே போகிறது.

அதிகம் சூடு பறந்தது, 'கோர்ஸை முடித்தே ஆக வேண்டுமா' என்ற கூட்டத்தில். 'முடித்தே ஆக வேண்டும்' என்ற பழைய வாசகத்தைக் கைவிட மூத்தவர்களுக்கு மனமில்லை. நிமோனியாவிலும் உடல் நன்றாகத் தேறினால் பலருக்கு ஐந்து நாள் போதும் என்று இப்போதைய வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. காசநோய்க்கோ மாதக்கணக்கில் மருந்து வேண்டும். எனவே 'மருத்துவர் சொன்ன நாள்வரை. நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், நீட்டவும் வேண்டாம், மிச்சத்தைப் பிறருக்குக் கொடுக்கவும் வேண்டாம்' என்று முடிவாயிற்று.

உலக சுகாதார நிறுவனம் 2017இல் ஆன்டிபயாடிக்குகளை மூன்று குழுக்களாகப் பிரித்தது. அமாக்சிசிலின், வழக்கமான தொற்றுகளுக்கு முதலில் எழுத வேண்டிய முதல் குழு; அசித்ரோமைசின் கவனத்தோடு எழுத வேண்டிய இரண்டாம் குழு; மூன்றாவது, வேறு வழியில்லாதபோது எடுக்கும் கடைசி மருந்துகள். உலக அளவில் மனிதர்களுக்கான பயன்பாட்டில் 70 சதவீதமாவது முதல் குழுவாக இருக்க வேண்டும் என்பது 2024இல் ஐ.நா. பொதுச்சபையில் ஏற்ற இலக்கு. நம் மருத்துவமனைகள் அதில் எங்கே நிற்கின்றன என்று காட்டப் பதிவேடு வைக்கவில்லை. இது என் குறை. நவம்பர் 18 முதல் 24 வரையிலான விழிப்புணர்வு வாரத்துக்குப் பேச்சாளர் தேடிய நேரத்தில் இதைக் கவனித்திருக்கலாம்.

மருந்தின் பெயர், காரணம், நாள்கள் என்று மூன்று பத்தி கொண்ட பதிவேடு தயாராக இருக்கிறது. நிரப்ப முன்வருபவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்கவும்.